2 லிட்டரில் பருத்த துகள்: மாதவரத்துப் பேட்ச் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆர்என்ஏ மருந்தைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் லிப்பிட் (கொழுப்பு) நானோ துகள், 8 மி.லி. அளவில் செய்தபோது 78 நானோமீட்டர் வந்தது, 2 லிட்டர் அளவில் 121 நானோமீட்டராக வந்தது. லிப்பிட் அதே லாட், எம்ஆர்என்ஏ அதே லாட், கலப்பு விகிதமும் அதேதான். அளவுப் பரவலைக் காட்டும் பிடிஐ 0.08-லிருந்து 0.21-க்கு ஏறியது. துகளுக்குள் அடைபட்ட ஆர்என்ஏ 96 விழுக்காட்டிலிருந்து 88-க்கு இறங்கியது. கடைசிக் கட்டமான 0.2 மைக்ரான் ஃபில்டரில், சுண்ட வைத்த 500 மி.லி.யில் பாதிகூடப் போகவில்லை, அதற்குள் அடைத்துக்கொண்டது.

நிகழ்வு நடந்த இடமாக வடசென்னை மாதவரத்தில் ஒரு சிறு முன்னோட்டத் தயாரிப்புக் கூடத்தை வைத்துக்கொள்கிறோம். இத்தகைய கூடங்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் ஒரு கோளாறை இங்கே ஒரே பேட்ச்சின் வரலாறாகக் கோத்திருக்கிறோம். துகள் அளவு, விழுக்காடு போன்ற அளவீடுகள் விளக்கத்துக்காக வைத்தவை. புள்ளிவிவரமாக எடுத்தாள வேண்டாம். சேர்மானம், மோல் கணக்கு, ஓட்டக் கணக்கு, வேதியியல் ஆகியவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சேர்மானமும் எடைக்கணக்கும்

ஆர்என்ஏ மருந்தை லிப்பிட் நானோ துகளில் ஏற்றிச் செலுத்தும் முறைக்கு முதல் ஒப்புதல் 2018-இல் கிடைத்தது. பட்டிசிரான் என்ற அந்த மருந்தில் அயனியாகும் லிப்பிட் (அமிலத்தில் மின்னேற்றம் பெற்று ஆர்என்ஏவைப் பிடிப்பது), டிஎஸ்பிசி என்ற பாஸ்போலிப்பிட், கொலஸ்ட்ரால், பெக் லிப்பிட் (துகளின் மேற்பரப்பில் கவசமாக நிற்பது) நான்கும் 50 : 10 : 38.5 : 1.5 என்ற மோல் விகிதத்தில் இருந்தன. மொடர்னாவின் கோவிட் தடுப்பூசியும் ஏறக்குறைய இதே விகிதம்தான். அயனியாகும் லிப்பிட் மட்டும் எஸ்எம்-102 என்று மாறியது. ஃபைசர்–பயோஎன்டெக் தடுப்பூசியில் விகிதம் சற்றே நகர்ந்து 46.3 : 9.4 : 42.7 : 1.6.

இந்த பேட்ச்சில் எஸ்எம்-102 வைத்த 50 : 10 : 38.5 : 1.5 சேர்மானம். ஆர்என்ஏ, லூசிஃபெரேஸ் புரதத்துக்கான எம்ஆர்என்ஏ, சுமார் 1900 நியூக்ளியோடைடு நீளம். செல்லுக்குள் போய் வேலை செய்ததா என்பதை ஒளியைக் கொண்டே அளந்துவிடலாம் என்பதால் முறையைச் செப்பனிடும் காலத்தில் எல்லோரும் கையில் எடுப்பது இதைத்தான்.

எடைக்கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. எக்செல் தாளில் இருப்பதை நம்பி எடை போட்டு, ஒரு பத்தின் அடுக்கு பிசகிப் போன பேட்ச்சுகள் உண்டு. ஒரு நியூக்ளியோடைடின் சராசரி மூலக்கூறு எடை 330. ஒவ்வொன்றிலும் ஒரு பாஸ்பேட். எனவே 1 மி.கி. எம்ஆர்என்ஏவில் 3.03 மைக்ரோமோல் பாஸ்பேட். லிப்பிட்டின் நைட்ரஜனுக்கும் ஆர்என்ஏவின் பாஸ்பேட்டுக்கும் உள்ள விகிதத்தை 6 என்று வைத்தால் எஸ்எம்-102 வேண்டியது 18.18 மைக்ரோமோல், அதாவது 12.9 மி.கி. அதுதான் மொத்த லிப்பிட்டில் பாதி. ஆக மொத்தம் 36.36 மைக்ரோமோல். டிஎஸ்பிசி 2.87 மி.கி., கொலஸ்ட்ரால் 5.41 மி.கி., பெக் லிப்பிட் 1.37 மி.கி. கூட்டினால் 1 மி.கி. ஆர்என்ஏவுக்கு 22.6 மி.கி. லிப்பிட்.

2 லிட்டர் பேட்ச்சில் 180 மி.கி. ஆர்என்ஏ. அதற்கு எஸ்எம்-102 2.32 கிராம், டிஎஸ்பிசி 0.52, கொலஸ்ட்ரால் 0.97, பெக் லிப்பிட் 0.25 கிராம். இவை 500 மி.லி. எத்தனாலில் கரைக்கப்பட்டன. ஆர்என்ஏ 1.5 லிட்டர் 50 மில்லிமோலார் சிட்ரேட் பஃபரில் (பிஹெச்சை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்), பிஹெச் 4.0.

எத்தனால் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் சுத்த எத்தனால் வாங்க மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். உரிமம் வர நாளாகிறது என்று மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டைக் கொண்டு ஒப்பேற்ற நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது. அதில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் உடம்புக்குள் போக வேண்டிய ஒன்றைச் செய்யவே கூடாது. சுத்த எத்தனாலும் சென்னைக் காற்றின் ஈரத்தைச் சட்டென்று இழுக்கும். திறந்த பாட்டிலை அன்றே முடித்துவிட வேண்டும்.

பேட்ச் ஓடிய விதம்

இரண்டு பிஸ்டன் பம்ப்புகள், நடுவே 1 மி.மீ. துளையுள்ள டி வடிவக் கலப்பான். ஆர்என்ஏ பக்கம் நிமிடத்துக்கு 150 மி.லி., எத்தனால் பக்கம் 50 மி.லி. இரண்டும் எதிரெதிரே மோதிக் கலந்து, 25 விழுக்காடு எத்தனாலோடு வெளியே வரும். 10 நிமிடத்தில் 2 லிட்டர் முடிந்தது.

வெளியே வந்த திரவம் முழுவதும் ஒரே பாட்டிலில் சேர்ந்தது. பிறகு பிஹெச்சை 7.4-க்குக் கொண்டுவர 1 மோலார் டிரிஸ் காரம் சுமார் 170 மி.லி. கலக்கியபடியே ஊற்றப்பட்டது. டிஎஃப்எஃப் எனப்படும் குறுக்கோட்ட வடிகட்டலில் பஃபர் மாற்றும் அளவைக் குறைக்கலாம் என்பது எண்ணம். இதைச் செய்த பிறகும் எத்தனால் 23 விழுக்காட்டில்தான் நின்றது.

டிஎஃப்எஃப் தொடங்கும் நேரத்தில் கரண்ட் போனது. மழைக்காலத்தில் வடசென்னையில் இது புதிதல்ல. ஜெனரேட்டர் சில நொடிகளில் எடுத்துக்கொண்டது. ஆனால் ஏசி ஜெனரேட்டர் லோடில் இல்லை. பம்ப்பை நிறுத்தி, மெம்பிரேனை மறுபடி கழுவி, திரும்பத் தொடங்க 40 நிமிடம். அதற்குள் அறை 22 டிகிரியிலிருந்து 31 டிகிரிக்கு ஏறியிருந்தது. பிறகு 100 கிலோடால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகளைத் தடுக்கும் ஹாலோ ஃபைபர் மெம்பிரேனில், 0.115 சதுர மீட்டர் பரப்பில், 20 மில்லிமோலார் டிரிஸ் பஃபரால் எட்டு வால்யூம் (உள்ளே இருக்கும் திரவத்தின் அளவைப்போல் எட்டு மடங்கு) மாற்றி, 500 மி.லி.க்குச் சுண்ட வைத்து, சுக்ரோஸ் சேர்த்து, ஃபில்டருக்குப் போனது. அங்கேதான் அடைத்தது.

முதலில் பழி விழுந்த இடங்கள்

கரண்ட் மீதுதான் எல்லோருடைய கையும் முதலில் நீண்டது. நியாயமான சந்தேகமே. ஆகவே இரண்டாவது பேட்ச் ஏசி, பம்ப் எல்லாவற்றையும் தனி ஜெனரேட்டரில் போட்டு, எங்கும் நிற்காமல் ஓட்டப்பட்டது. 106 நானோமீட்டர். கொஞ்சம் குறைந்தது, கோளாறு போகவில்லை. கரண்ட் நோயைக் கூட்டியது. நோய் அது அல்ல.

அடுத்து தண்ணீர். இந்தப் பகுதிக்கு வரும் தண்ணீர் ஒரே சீராக இருப்பதில்லை. புழல் ஏரித் தண்ணீர், கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர், சில இடங்களில் உப்பேறிய போர் தண்ணீர் என்று மாறி மாறி வரும். ஆர்ஓ இயந்திரத்துக்கு உள்ளே போகும் உப்பின் அளவு வாரத்துக்கு வாரம் வேறு. ஆனால் கடைசியில் வெளிவரும் நீரின் மின்தடை இரண்டு பேட்ச்சிலும் 18.2 மெகாஓம்-செ.மீ. நின்றது, எண்டோடாக்ஸின் என்ற பாக்டீரியா நச்சும் வரம்புக்குள். தண்ணீர் தப்பியது. இருந்தாலும் சுத்திகரித்த நீரைத் தொட்டியில் இரண்டு மூன்று நாள் தேக்கி வைக்கும் பழக்கத்தை அப்போதே நிறுத்தியது சரி. இந்த வெக்கையில் தேங்கிய நீரில் பாக்டீரியா வளரும். எண்டோடாக்ஸினும் ஆர்என்ஏவை வெட்டும் ஆர்என்ஏஸ் நொதியும் பின்னாலேயே வரும்.

மூன்றாவதாகக் கலப்பான். ஆய்வக அளவில் மைக்ரோஃப்ளூயிடிக் சிப், நிமிடத்துக்கு 12 மி.லி.; பெரிய அளவில் டி கலப்பான், 200 மி.லி. கருவியே வேறு என்பதால் சந்தேகம் வலுத்தது. கணக்குப் போட்டால் 1 மி.மீ. துளையில் திரவத்தின் வேகம் நொடிக்கு 4.2 மீட்டர், ஓட்டத்தின் கொந்தளிப்பைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் 2000-ஐ ஒட்டி. இந்த வேகத்தில் கலப்பு மில்லிநொடிகளில் முடிந்துவிடும். பம்ப்புகளையும் எடை வைத்துச் சரிபார்த்தார்கள். எத்தனால் பம்ப்பை எத்தனாலைக் கொண்டே சரிபார்க்க வேண்டும்: நிமிடத்துக்கு 50 மி.லி. என்றால் தராசில் 39.5 கிராம் காட்ட வேண்டும். தண்ணீரை ஓட்டிப் பார்த்து 50 கிராம் வந்தது என்று திருப்தியடைந்தால், எத்தனால் ஓடும்போது வால்வு வேறு மாதிரி நடந்துகொள்ளும். இங்கே 39.3. பழுதில்லை.

நான்காவது சந்தேகம் அளவீட்டின் மீதே. டிஎல்எஸ் எனப்படும் ஒளிச்சிதறல் கருவி துகளின் அசைவை வைத்து அளவைக் கணக்கிடுகிறது; திரவத்தின் பாகுநிலையை நாம் சொல்லித்தர வேண்டும். 25 விழுக்காடு எத்தனாலின் பாகுநிலை தண்ணீரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. மாதிரியை நீர்க்க வைக்காமல் அப்படியே கருவியில் வைத்து, தண்ணீர் என்று அமைப்பில் விட்டுவிட்டால், 55 நானோமீட்டர் துகள் 100-க்கு மேல் காட்டும். இந்தப் பிழையால் நல்ல பேட்ச்சையே கொட்டியவர்கள் உண்டு. இங்கே எல்லா மாதிரிகளும் 50 மடங்கு நீர்க்க வைத்து அளக்கப்பட்டிருந்தன. 121 என்பது உண்மையான 121.

ஃபிரிட்ஜில் இருந்த குப்பி

விசாரணைக்குத் திருப்பம் தந்தது, கலப்பான் வாயில் பிடித்து பிஹெச் 4 சிட்ரேட்டில் 50 மடங்கு நீர்க்க வைத்துப் பத்திரப்படுத்தியிருந்த ஒரு சிறு குப்பி. அதை அளந்தபோது 54 நானோமீட்டர். ஆய்வக பேட்ச்சில் அதே இடத்தில் எடுத்தது 53. அதாவது கலப்பானை விட்டு வெளியே வரும்வரை இரண்டு பேட்ச்சும் ஒன்றே. பருத்தது எல்லாம் அதற்குப் பிறகு.

அதற்குப் பிறகு ஆய்வகத்தில் என்ன செய்தார்கள் என்று செயல்முறைத் தாளைப் புரட்டினால் “கலப்பு, சேகரிப்பு, டயாலிசிஸ்” (சவ்வு வழியே பஃபர் மாற்றுவது) என்று மூன்றே வார்த்தை. பெரிய அளவுக்கான தாளும் அதைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது. ஆய்வகத்தில் செய்த டெக்னீஷியனைக் கூப்பிட்டு, சிப்பிலிருந்து வருவதை எதில் பிடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு வந்த பதில்: “டியூப்ல 24 எம்எல் சிட்ரேட் ஊத்தி வெச்சுதான் சார் எப்பவும் புடிப்போம். அத போய் எழுதணுமா?”

எழுத வேண்டியது அதைத்தான். 8 மி.லி. திரவம் 24 மி.லி. பஃபருக்குள் சொட்டுச் சொட்டாக விழும்போது ஒவ்வொரு சொட்டும் நொடிக்குள் 25 விழுக்காடு எத்தனாலிலிருந்து கீழே இறங்கிவிடுகிறது, முடிவில் 6.25 விழுக்காடு. 2 லிட்டரில் அதே வேலையைச் செய்ய 8 லிட்டர் பாத்திரம் வேண்டும், டிஎஃப்எஃப்புக்கும் நேரம் கூடும் என்று தோன்றியதால், தாளில் இல்லாத அந்தப் படி சத்தமில்லாமல் கழன்றுவிட்டது. நீர்க்க வைப்பதை அளப்பதற்கும் டயாலிசிஸுக்குமான வசதி என்று நினைத்திருந்தார்கள். உண்மையில் துகள் உருவாவதில் பாதி அங்கேதான் நடக்கிறது.

பருத்தது ஏன்

பிஹெச் 4-இல் எஸ்எம்-102 நேர்மின்னேற்றம் பெற்று ஆர்என்ஏவைப் பிடித்துக்கொள்கிறது. அதே மின்னேற்றம் துகள்களை ஒன்றையொன்று விலக்கியும் வைக்கிறது. துகளாக அமைந்த நிலையில் இந்த லிப்பிட்டின் பிகேஏ, அதாவது மின்னேற்றம் பாதியாகக் குறையும் பிஹெச், 6.7 அளவில் இருக்கும். பிஹெச் அதைத் தாண்டியதும் மின்னேற்றம் போய்விடும், விலக்கும் விசையும் போய்விடும். அந்த நேரத்தில் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து கொஞ்சம் வளர்வது இந்த முறையின் இயல்பு. 54 என்பது 78 ஆவது இப்படித்தான். அந்த வளர்ச்சியை ஓரிடத்தில் நிறுத்துவது மேற்பரப்பில் இருக்கும் பெக் லிப்பிட். அது 1.5 விழுக்காடு மட்டுமே. கூட்டினால் துகள் சிறுக்கும். ஆனால் செல் துகளை உள்ளே எடுத்துக்கொள்வதும் குறையும். ஆகவே பெக்கைக் கூட்டிச் சரிக்கட்டுவது தீர்வாகாது.

எத்தனால் 23 விழுக்காடு இருக்கும்போது கதையே வேறு. லிப்பிட்டுகள் இளகிய நிலையில் இருக்கின்றன. பெக் லிப்பிட் ஒரு துகளை விட்டு வெளியே வந்து போக முடிகிறது. கொலஸ்ட்ராலும் இடம் மாறுகிறது. இந்த நிலையில் பிஹெச்சையும் 7.4-க்குத் தூக்கினால், விலக்கும் மின்னேற்றமும் இல்லை, தடுக்கும் பெக் கவசமும் உறுதியாக இல்லை. டிரிஸ் காரத்தை ஊற்றிய அந்தக் கணத்திலிருந்து எத்தனால் 10 விழுக்காட்டுக்குக் கீழே போகும்வரை துகள்கள் இணைந்துகொண்டே இருந்தன. டிஎஃப்எஃப்பின் ஓட்டம் மணிக்கு 4.6 லிட்டர், ஒரு வால்யூம் மாற்றவே அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். முன்னால் இருந்த 40 நிமிடத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

ஊற்றாமல் விட்டிருந்தால் டிஎஃப்எஃப்பே சரியான வரிசையில் செய்திருக்கும் என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. பாட்டிலில் இருந்த சிட்ரேட் 37.5 மில்லிமோலார். வெளியிலிருந்து வரும் 20 மில்லிமோலார் டிரிஸில், பிஹெச் 7.4-இல், காரமாக வேலை செய்யக்கூடிய பகுதி 3 மில்லிமோலாரை ஒட்டித்தான். சிட்ரேட் பெரும்பாலும் வெளியேறும்வரை பிஹெச் ஏறாது. ஏறக்குறைய மூன்று வால்யூம் ஆகும். எத்தனாலோ முதல் வால்யூமில் 9.2, இரண்டாவதில் 3.4, மூன்றாவதில் 1.2 விழுக்காடு என்று இறங்கிவிடும். முதலில் எத்தனால் போகும், பிறகு பிஹெச் ஏறும். அந்த வரிசையைக் குலைத்தது கையால் ஊற்றிய 170 மி.லி. டிரிஸ்.

துகளுக்குள் ஆர்என்ஏ அடைபடும் அளவு, சுருக்கமாக அடைப்பு, 88 விழுக்காட்டுக்கு இறங்கியதற்கும் இதுவே காரணம். துகள்கள் இணையும்போது கொஞ்சம் ஆர்என்ஏ வெளியே தங்கிவிடுகிறது. டிஎஃப்எஃப்பில் கழுவினால் வெளியே உள்ள ஆர்என்ஏ போய்விடாதா என்று கேட்பார்கள். போகாது. 1900 நியூக்ளியோடைடு என்றால் 627 கிலோடால்டன். 100 கிலோடால்டன் மெம்பிரேன் அதைத் துகளோடு சேர்த்தே பிடித்து வைத்திருக்கும். அடைப்பு கலப்பிலும் அதை அடுத்த நிமிடங்களிலும் தீர்மானமாகிறது. பின்னால் திருத்த வழியில்லை.

சோதித்துப் பார்த்தது

அதே லாட், அதே கலப்பான். வெளிவந்த திரவத்தைப் பங்கு பிரித்து, ஒவ்வொன்றையும் வேறு வேறு விதமாக வைத்திருந்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே டிரிஸ் பஃபருக்கு மாற்றி அளந்தார்கள்.

உடனே மூன்று பங்கு சிட்ரேட்டில் நீர்க்க வைத்தது 77. நீர்க்க வைக்காமல் பிஹெச் 4-இலேயே 90 நிமிடம், 22 டிகிரியில் வைத்தது 86. 31 டிகிரியில் 95. நீர்க்க வைக்காமல் பிஹெச்சை 7.4-க்கு ஏற்றி 45 நிமிடம், 22 டிகிரியில் வைத்தது 104. 31 டிகிரியில் 119. முதலில் நீர்க்க வைத்து, பிறகு பிஹெச் ஏற்றி, அதே 45 நிமிடம் 31 டிகிரியில் வைத்தது 80.

இரண்டாவது பேட்ச்சின் 106-ம் முதல் பேட்ச்சின் 121-ம் இந்த எண்களில் தத்தம் இடத்தில் உட்காருகின்றன. கடைசி எண்தான் முக்கியம்: எத்தனால் குறைந்துவிட்டால் 31 டிகிரி வெயிலும் துகளை அசைக்கவில்லை. ஏசி நின்றுபோகக்கூடிய ஊரில் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அடைப்பை அளந்த விதத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இதில் 3–4 விழுக்காடு பிசகுவது மிகச் சாதாரணம். ஆர்என்ஏவோடு சேர்ந்து ஒளிரும் ரிபோகிரீன் சாயத்தை, டிரைட்டன் எக்ஸ்-100 என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்த்தும் சேர்க்காமலும் அளக்கிறோம். டிரைட்டன் துகளை உடைப்பதோடு சாயத்தின் ஒளியையும் மாற்றும். ஆகவே டிரைட்டன் உள்ள குழிகளுக்கு டிரைட்டன் உள்ள தனி நிலையளவுக் கோடு வேண்டும். ஒரே கோட்டை இரண்டுக்கும் பயன்படுத்தினால் அடைப்பு விழுக்காடு பொய்யாக வரும்.

திருத்திய முறை

6 லிட்டர் பஃபருக்குள் ஊற்றுவது ஒரு வழி. ஆனால் முதல் சொட்டு விழும்போது இருக்கும் எத்தனாலும் கடைசிச் சொட்டு விழும்போது இருப்பதும் வேறு. ஆகவே ஓட்டத்திலேயே நீர்க்க வைக்கும்படி இரண்டாவது டி பொருத்தினார்கள். முதல் கலப்பானிலிருந்து 1.6 மி.மீ. உள்விட்டமுள்ள பிஎஃப்ஏ பிளாஸ்டிக் குழாய் 50 செ.மீ.; அதன் கொள்ளளவு 1 மி.லி., கடக்கும் நேரம் 0.3 நொடி. அங்கே 3 மி.மீ. துளையுள்ள டி, அதில் 10 மில்லிமோலார் சிட்ரேட், பிஹெச் 4, நிமிடத்துக்கு 600 மி.லி. இந்தப் பம்ப் சாதாரண பெரிஸ்டால்டிக் (குழாயை அழுத்தித் தள்ளும் வகை) போதும். இங்கே 10 விழுக்காடு ஏற்ற இறக்கம் துகளைப் பாதிக்காது. முதல் கலப்பானுக்கு முன்னால் மட்டும் பெரிஸ்டால்டிக் வேண்டாம். அதன் துடிப்பு ஆர்என்ஏ–எத்தனால் விகிதத்தைத் துடிப்புக்குத் துடிப்பு மாற்றும்.

தொடங்கும் வரிசை: நீர்க்க வைக்கும் பஃபர், அடுத்து ஆர்என்ஏ, கடைசியில் லிப்பிட். நிறுத்தும்போது லிப்பிட் முதலில். லிப்பிட் கரைசல் தனியாக டி-க்குள் நின்று, பிறகு தண்ணீர் மெதுவாக வந்து தொட்டால் வெள்ளையாகப் படிந்து துளையை அடைக்கும். அடுத்த பேட்ச் முழுதும் அதன் துணுக்குகள் வரும். முதல் 6 நொடி ஓட்டம் கழிவுக்கு.

எத்தனால் பக்கம் சிலிக்கோன் குழாய் இருந்தால் எடுத்துவிட வேண்டும். எத்தனாலில் ஊறி அதிலிருந்து பொருள்கள் கசியும். பிடிஎஃப்இ, பிஎஃப்ஏ அல்லது 316 ஸ்டீல். லிப்பிட் கரைசலை 30 டிகிரியை ஒட்டி வைத்திருப்பது நல்லது. ஏசிக் காற்று நேராக அடிக்கும் மேசையில் வைத்த பாட்டிலின் அடியில் டிஎஸ்பிசி மெல்லிய புகைபோல் இறங்குவதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் காணலாம். அப்படி இறங்கிவிட்டால் விகிதம் போச்சு. சூடாக்கிக் கரைந்த பிறகே ஓட்ட வேண்டும்.

டிஎஃப்எஃப்பில் 8 லிட்டரை பிஹெச் 4-இலேயே 1 லிட்டருக்குக் குறைத்து, பிறகு எட்டு வால்யூம் டிரிஸ், பிறகு 500 மி.லி. மெம்பிரேன் மீதான அழுத்தம் 0.2 பார். மொத்தம் வடிய வேண்டியது 15.5 லிட்டர், 3 மணி 20 நிமிடம். பழைய முறையில் டிரிஸ் சேர்ந்த 2.17 லிட்டரை அப்படியே எட்டு வால்யூம் மாற்றி, கடைசியில் சுண்ட வைத்ததில் வடிந்தது 19 லிட்டர், 4 மணி நேரத்துக்கு மேல். நேரம் மிச்சம் என்று எதை விட்டார்களோ அதைச் செய்தால்தான் நேரம் மிச்சமாகிறது.

மெம்பிரேனை 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவிய பிறகு, வடியும் நீரின் பிஹெச் நடுநிலைக்கு வந்ததை மீட்டரில் பார்த்தே தொடங்க வேண்டும். மிச்சமிருக்கும் காரம் ஆர்என்ஏவை அறுத்துவிடும். கரண்ட் போய்ப் பம்ப் நின்றால், திரும்ப ஓட்டும்போது வடிகுழாயை மூடி இரண்டு நிமிடம் சுற்றவிட்டு, மெம்பிரேன் மீது படிந்ததைக் கலைத்த பிறகே திறக்க வேண்டும். டிரிஸ் பஃபரை டிஇபிசி கொண்டு ஆர்என்ஏஸ் நீக்க முயல வேண்டாம்; டிரிஸின் அமைன் டிஇபிசியையே தின்றுவிடும். கண்ணாடிப் பாத்திரங்களை 240 டிகிரியில் 4 மணி நேரம் சுட்டு எடுத்தால் போதும்.

இந்த முறையில் ஓட்டிய மூன்று பேட்ச்சுகள்: 79, 81, 76 நானோமீட்டர், பிடிஐ 0.12-க்குக் கீழ், அடைப்பு 95 விழுக்காட்டை ஒட்டி. 500 மி.லி. முழுதும் ஒரே ஃபில்டரில் போனது. மீண்ட ஆர்என்ஏ 84 விழுக்காடு, அதாவது மி.லி.க்கு 0.30 மி.கி.

உறைய வைப்பதில்

டிரிஸ் வேண்டுமா, பாஸ்பேட் போதாதா என்ற கேள்வி இந்தக் கூடத்திலும் எழுந்தது. சோடியம் பாஸ்பேட் பஃபர் உறையும்போது அதன் டைசோடியம் உப்பு முதலில் படிகமாகப் பிரியும். மிச்சத் திரவத்தின் பிஹெச் சரிந்து 4-ஐ ஒட்டிப் போகக்கூடும். நாம் பாடுபட்டு வரிசையாக ஏற்றிய பிஹெச் ஃப்ரீசருக்குள் தானாகவே இறங்கிவிடும். டிரிஸில் இந்தச் சரிவு இல்லை. ஃபைசர் தடுப்பூசியும் பாஸ்பேட்டில் தொடங்கி, 2021 கடைசியில் டிரிஸ்–சுக்ரோஸுக்கு மாறியது. இங்கே மைனஸ் 80-இல் வைத்து இளக்கியபோது டிரிஸ்–சுக்ரோஸ் மாதிரி 83, பாஸ்பேட் மாதிரி 140.

லிப்பிட்டின் தரமும் நெடுநாள் வைப்பைத் தீர்மானிக்கும். அயனியாகும் லிப்பிட்டின் அமைன் ஆக்சிஜனேற்றமடைந்து என்-ஆக்சைடாகி, அது சிதைந்து உண்டாகும் ஆல்டிஹைடு ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொள்கிறது என்று மொடர்னா ஆய்வாளர்கள் 2021-இல் காட்டினார்கள். ஒட்டிய ஆர்என்ஏ முழு நீளத்தில் இருந்தாலும் புரதம் செய்யாது. சாதாரண நீளச் சோதனையில் தெரியாது, அயனி இணை ஹெச்பிஎல்சி என்ற பிரித்தறியும் சோதனையில்தான் தெரியும். லிப்பிட் பாட்டிலை மைனஸ் 20-இல், ஆர்கான் நிரப்பி, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு மட்டுமே திறக்க வேண்டும். குளிர்ந்த பாட்டிலை மாதவரத்துக் காற்றில் திறந்தால் உள்ளே பனி படிவதைக் கண்ணால் பார்க்கலாம்.

20 லிட்டருக்குப் போகும்போது

கலப்பானைப் பெரிதாக்க வேண்டியதில்லை. அதே டி, அதே வேகம், 100 நிமிடம் ஓடினால் 20 லிட்டர். நீர்க்க வைப்பது ஓட்டத்திலேயே நடப்பதால் ஒவ்வொரு சொட்டும் 25 விழுக்காடு எத்தனாலில் இருப்பது அதே 0.3 நொடிதான், பேட்ச் எவ்வளவு நேரம் ஓடினாலும் அது மாறாது. மாறுவது மற்றவை. லிப்பிட் கரைசல் 100 நிமிடமும் 30 டிகிரியில் நிற்க வேண்டும். தண்ணீர் உறையுள்ள பாத்திரம் தேவை. நீர்த்த திரவம் 80 லிட்டர் சேரும். டிஎஃப்எஃப் பரப்பை 1.15 சதுர மீட்டராக்கி, கலப்பு முடியும்வரை காத்திராமல் சேரச் சேரக் குறைக்கத் தொடங்கலாம். முதலில் விழுந்த திரவம் 6.25 விழுக்காடு எத்தனாலில், பிஹெச் 4-இல், பல மணி நேரம் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பைத் தாங்குமா என்பதை 31 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, 2, 6, 12, 24-ஆம் மணியில் அளந்து, கிடைத்த வரம்பைப் பேட்ச் தாளில் எழுதிய பிறகே 20 லிட்டர் ஓட்டத்துக்கு எடை போடத் தொடங்க வேண்டும்.